இடம் மாறிய எண்ணெய்

எண்ணெய் என்னும் சொல் முதற்கண் எள்ளின் நெய்யையே குறித்தது. பின்னர்த் தேங்காய், வேம்பு, ஆமணக்கு முதலியவற்றின் நெய்களுக்கும் அது பொதுப்பெயராயிற்று. இக்காலத்திலோ, நிலத்தின் அடியினின்று இறைக்கப்படும் கரிய நெய்யும் அப்பெயராலேயே வழங்குகின்றது. பெயர் விரிந்தவாறே பயனும் விரிந்தது. தலையில் இட்டாற் குளிர்ச்சி தருவதும், அகலில் இட்டால் ஒளி தருவதும் எண்ணெயே. வழியிற் கள்வராற் குத்துண்டு கிடந்த அயலானின் புண்களுக்கு நல்ல சமாரியன் இட்ட மருந்தும் எண்ணெயே என்பதை நாம் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கின்றோம். ஆயினும், அவ்வெண்ணெயே ஏட்டின்மேற் சிந்தினால் எழுத்து அழியும். படிக்கட்டிற் சிந்தினால் கால் முறியும். பொருளில் மாற்றம் ஒன்றும் இல்லை, இடமே மாறியது. இவ்வுண்மை எந்த நூலிலும் எளிதிற் கிடைப்பதே. யான் அதனை ஐயந்திரிபற உணர்ந்த இடமோ, திருவொற்றியூரில் என் தாய்மாமன் நடத்திவரும் சிறியதொரு மோட்டார் பட்டறையாகும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் மோட்டார் எண்ணெயைப் பற்றி எழுதப் புகுந்தது எற்றிற்கு என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இயந்திரங்கள் அயலான பொருள்கள் அல்ல. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் வண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்தினின்றே புறப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் இரகுநந்தன் சரண் என்பார் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், மறு ஆண்டில் எண்ணூரிலே ஆஸ்டின் ஏ-40 என்னும் கார்களைப் பூட்டி வெளிக்கொணரலாயிற்று. பின்னாளில் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்றதும் அதுவே. 1950-களில் திருவொற்றியூரில் எழுந்த என்பீல்டு தொழிற்சாலையின் புல்லட் வண்டியை அறியாதார் இந்நாட்டில் அரியர். எங்கள் தெருக்களிற் குயிலோசை கேளாத நாள் உண்டு. எஞ்சின் ஓசை கேளாத நாள் இல்லை. ஆதலின், எம்மனோர் எண்ணெயைப் பற்றி எழுதுதல் மருத நிலத்தார் நெல்லைப் பற்றி எழுதுதல் போல்வதேயாம்.

நிற்க. ஈண்டு யான் கூற எடுத்துக்கொண்டது, காரின் எஞ்சினுக்குள் காற்றுப் புகும் வழியிலே எண்ணெய் புகுந்துவிடுதலும், அதனைத் தீர்க்கும் முறையும் ஆகும். எஞ்சினுக்குக் காற்றும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். ஆனால் இரண்டிற்கும் வழி வேறு. காற்று வடிகட்டியின் வழியாகப் புகுந்து, குழாய்களைக் கடந்து, சிலிண்டருக்குட் சென்று எரிபொருளோடு கூடி எரிகின்றது. எண்ணெயோ அடியிலுள்ள சம்ப் எனப்படும் தொட்டியில் தங்கி, பம்பினால் மேலேற்றப்பட்டு, உராயும் உறுப்புக்களையெல்லாம் நனைத்து, மீண்டும் தொட்டிக்கே இறங்குகின்றது. முன்னது மூச்சு எனின், பின்னது குருதி. மூச்சுக்குழலிற் குருதி காணின் யாரே அஞ்சாதார்? காற்றுக்குழாயில் எண்ணெய் கண்ட காருடையாரும் அங்ஙனமே அஞ்சுகின்றனர். ஆயினும் அவ்வச்சம் எல்லாக் காலத்தும் பொருந்துவதன்று. என்னை? சிறிதளவு எண்ணெய் அவ்வழியே வருமாறு எஞ்சினை அமைத்தவர்களே அமைத்திருக்கின்றனர்.

அதன் காரணம் அறியத்தக்கது. சிலிண்டருக்குள் எரிபொருள் வெடித்தெரியும்போது, பிஸ்டனைச் சூழ்ந்த ரிங்குகள் எத்துணைச் செம்மையாக இருப்பினும், சிறிதளவு வாயு அவற்றின் இடுக்கு வழியே கீழிறங்கி எண்ணெய் இருக்கும் அறையை அடைகின்றது. அது வெளியேற வழி இல்லையாயின், உள்ளே அழுத்தம் மிகுந்து, பொருத்துவாய்களையெல்லாம் பிதுக்கி எண்ணெயை வெளியே தள்ளிவிடும். ஆதலின், எஞ்சினுக்குப் பிரீதர் எனப்படும் மூச்சுத்துளை இன்றியமையாததாயிற்று. பழைய புல்லட் வண்டிகளில் இத்துளைக்கென வாத்தின் அலகு போன்ற சிறியதொரு இரப்பர் வாய் உண்டு. உள்ளழுத்தத்தை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாது காப்பது அதன் தொழில். பழைய கார்களிலோ ஒரு குழாயை எஞ்சினின் அடியிற் சாலையை நோக்கி இறக்கிவிட்டிருந்தனர். எண்ணெய்ப் புகை முழுவதும் வழியிற் செல்வோரின் மூக்கிற்கே உரியதாயிற்று.

1950-களின் தொடக்கத்தில் ஹாகென்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர், லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்து கண்களைக் கரித்த புகைமூட்டத்திற்கு மோட்டார் வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்களே வெயிலிற் கூடி மாறுதல் காரணம் எனக் காட்டினார். அதன் பயனாகக் கலிபோர்னியாவில் விற்கப்படும் புதிய கார்களில், 1961-ஆம் ஆண்டு மாதிரி முதல், அம்மூச்சுத்துளைக் குழாயைச் சாலைக்கு விடாது, காற்றுப் புகும் வழியிலேயே கொண்டு சேர்க்கும் முறை வந்தது. நாளடைவில் அஃது உலகெங்கும் பரவிற்று. அஃதாவது, ஒவ்வோர் எஞ்சினும் தன் புகையைத் தானே விழுங்கி எரித்தல் வேண்டும் என்பது விதி. அவ்வாறு விழுங்கும்போது எண்ணெயின் நுண்துளிகள் சில காற்றுக்குழாயின் உட்சுவரிற் படிகின்றன. குழாயைக் கழற்றி விரலாற் தடவினால் மெல்லிய பசை தெரியுமாயின், அஃது அயலார்மேல் எறியாமற் தன் அழுக்கைத் தானே சுமக்கும் எஞ்சினின் அடையாளம். அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. குழாயில் எண்ணெய் தேங்கி நிற்குமாயின் அது நோய்.

நோய்க்கு வருவோம். காற்று வழியில் மிகுந்த எண்ணெய், புகைக்கரியோடு கலந்து தார் போலத் திரண்டு, காற்றின் அளவை ஆளும் கதவை ஒட்டிக்கொள்ளச் செய்யும். காற்றை அளக்கும் நுண்கருவியின்மேற் படிந்து அதன் கணக்கைப் பிழைபடுத்தும். சிலிண்டரிற் புகுந்து எரிந்து நீலப்புகையாக வெளிப்படும். காரணங்களோ பல. தொட்டியில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சியிருத்தல் ஒன்று; மூச்சுத்துளைக் குழாயோ அதன் வால்வோ அடைபடுதல் ஒன்று; காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டமையின் எஞ்சின் மூச்சுத்திணறி எண்ணெயையும் சேர்த்து இழுத்தல் ஒன்று; டர்போ எனப்படும் காற்றூட்டியின் தண்டு தேய்தல் ஒன்று; ரிங்குகளே தேய்ந்துபோதல் மற்றொன்று. முதல் மூன்றும் எளியவை, பின்னிரண்டும் பெருஞ்செலவின. புறத்தே தோன்றும் குறியோ ஐந்திற்கும் ஒன்றே. இங்கேதான் மெக்கானிக்கின் அறிவும் அறமும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. நோயை நாடி, அதன் முதலையும் நாடிய பின்னரே தணிக்கும் வழியிற் புகவேண்டும் என வள்ளுவர் மருந்ததிகாரத்தில் விதித்த முறை, மனிதனுக்கு மட்டுமன்றி மோட்டாருக்கும் பொருந்துவதை யான் கண்ணாரக் கண்டேன்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாட் காலை, எண்ணூரில் வாடகைக் கார் ஓட்டும் பெரியவர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். வண்டி டீசல் வண்டி. வயது பன்னிரண்டுக்குக் குறையாது. வேறொரு பட்டறையில் அதனைப் பார்த்தவர்கள், காற்றுக்குழாய் முழுதும் எண்ணெயாய் இருப்பதைக் காட்டி, டர்போ போயிற்று, எஞ்சினையும் பிரித்தல் வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் எனக் கூறிவிட்டனராம். அவரிடம் இருந்ததோ, செவிலியர் படிப்புப் படிக்கும் மகளுக்குச் சனவரியிற் கட்டவேண்டிய பணம் ஒன்றே. "இதை எடுத்தால் பிள்ளை படிப்பு நிற்கும், எடுக்காவிட்டால் வண்டி நிற்கும், வண்டி நின்றாலும் படிப்பு நிற்கும், தம்பி" என்று அவர் சொன்னபொழுது, என் மாமன் ஒன்றும் பேசாது வண்டியைச் சுற்றிவந்தார்.

புகையைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பெரியவர் வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். மாமன் வேண்டாமெனக் கைகாட்டுமுன் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டார். அடுத்த நொடியில் எஞ்சின் தானே அலறத் தொடங்கிற்று. அவர் காலை எடுத்தார், ஓசை தணியவில்லை. சாவியைத் திருப்பிக் கழற்றியும் விட்டார். ஓசை மேலும் ஏறிற்று. பின்புறம் வெண்ணீலப் புகை எழுந்து சந்தையே மறைத்தது. அண்டை வீட்டார் ஓடிவந்தனர். மாமன் வண்டியின் முன்னே செல்லாது, ஓட்டுபவர் பக்கத்துச் சன்னலருகிற் சென்று, "அண்ணே! பிரேக்கை விடாதீங்க! கிளச்சை மிதித்து அஞ்சாவது கியர் போடுங்க! இப்போ கிளச்சை விடுங்க!" என்று உரக்கக் கூவினார். பெரியவர் அவ்வாறே செய்தார். வண்டி ஒருமுறை குலுங்கி எஞ்சின் அடங்கிற்று. அதன்பின் சந்தில் நிலவிய அமைதியை யான் எந்நாளும் மறவேன்.

இந்நிகழ்ச்சியின் காரணத்தை மாமன் பின்னர் விளக்கினார். பெட்ரோல் எஞ்சினில் எரிதலை மூட்டுவது மின்பொறி, சாவியைத் திருப்பினாற் பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினிற் பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றுகின்றது. சாவியைத் திருப்பும்போது டீசல் வரும் வழியே அடைபடும். காற்று வழியில் எண்ணெய் தேங்கியிருப்பின், முடுக்கத்தில் அவ்வெண்ணெயே உறிஞ்சப்பட்டு எரிபொருளாகிவிடும். எஞ்சின் தன் குருதியையே குடித்து ஓடும். சாவி அதற்குக் கட்டளையிட முடியாது. வேகம் மிஞ்சி உறுப்புக்கள் சிதறுதலும் உண்டு. அவ்வேளையில் எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்து நோக்குதலும், காற்று வழியைக் கையால் அடைத்தலும் உயிருக்கு இடையூறாகும். கியரிற் பூட்டி நிறுத்த இயலாத வண்டியாயின், உறுதியான பலகையாற் காற்று வாயை மூடுதல் உண்டு. அதுவும் பழகினவர் செய்யத்தக்கதே. பிறர் விலகி நிற்றலே நலம். இச்செய்தியை ஈண்டு விரித்தது, வீட்டில் டீசல் வண்டியுடைய மாணவர் யாரேனும் அறிந்திருப்பது நன்று என்பதுபற்றியே.

பின்னர் ஆய்வு தொடங்கிற்று. மாமன் எதனையும் துடைக்கவில்லை. "துடைத்துவிட்டால் யார் சாட்சி சொல்வது?" என்பது அவர் வழக்கமான சொல். சமநிலத்தில் வண்டியை நிறுத்தி, எண்ணெய் வடிந்திறங்கும் வரை பொறுத்து, டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். எண்ணெய், மேற்குறியினின்று ஒரு விரற்கிடை மேலே நின்றது. வினவியதில், சில திங்களுக்கு முன் எண்ணெய் மாற்றியவர் அளவு பாராது ஊற்றியதும், அடியில் எண்ணெய்க் கசிவைக் கண்ட பெரியவர் குறைந்துவிட்டதெனக் கருதி மேலும் இருமுறை ஊற்றியதும் வெளிப்பட்டன. மிஞ்சிய எண்ணெயைச் சுழலும் தண்டு கடைந்து நுரையாக்கி மூச்சுத்துளை வழியே தள்ளிக்கொண்டிருந்தது.

அடுத்து, காற்று வடிகட்டியைத் திறந்தார். அஃது எண்ணூர்ச் சாலையின் வரலாற்றையே எழுதிய ஏடு போல இருந்தது. துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு நடுவே நாள்தோறும் மணிக்கணக்கில் நின்று ஊர்ந்த வண்டி அது. நிலக்கரித் தூசியும் சாலைப் புழுதியும் மடிப்புத்தோறும் அடைந்து கிடந்தன. மூன்றாவதாக, மூச்சுத்துளைக் குழாயைக் கழற்றினார். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டமையால், ஈரமும் எண்ணெயும் கலந்த கரிய களிம்பு, ஒரு குச்சியும் நுழையாவண்ணம் அதனை அடைத்திருந்தது. நான்காவதாக, டர்போவின் தண்டை விரலாற் பிடித்து அசைத்தார். பக்கவாட்டிற் சிறிதே அசைவு, அஃது இயல்பு. முன்னும் பின்னும் அசைவில்லை. இறகுகள் சுவரில் உராய்ந்த தழும்பும் இல்லை. "அண்ணே, டர்போ நல்லாத்தான் இருக்கு" என்று மாமன் சொன்னபொழுது, பெரியவர் அருகிலிருந்த டயரின்மேல் அமர்ந்துவிட்டார்.

மருத்துவம் இரண்டு நாள் நடந்தது. பழைய எண்ணெயை முற்றும் இறக்கி, கையேடு கூறும் அளவிற்குப் புதிய எண்ணெய் ஊற்றினார். மூச்சுத்துளைக் குழாயையும் வடிகட்டியையும் மாற்றினார். டர்போவிற்கும் எஞ்சினுக்கும் இடையே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது, ஒரு தம்ளர் எண்ணெய் வடிந்தது. எஞ்சினை அலறச் செய்தது அதுவே. அதனைக் கரைப்பானாற் கழுவி, கம்ப்ரசர் காற்றால் ஊதி, ஒரு பகல் முழுதும் வெயிலில் உலர்த்தினார். பெரியவர் அவசரப்பட்டும் மாமன் இசையவில்லை. கழுவிய கரைப்பான் சிறிது தங்கினும் எஞ்சின் அதனையும் எரிபொருளாக உறிஞ்சும் என்றார். எல்லாம் பூட்டிய பின், எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி அவ்வாயின்மேலேயே தளர வைத்தார். மூடி இலேசாக நடுங்கிற்று, துள்ளவில்லை. ரிங்குகளும் நல்ல நிலையில் உள்ளன என்பதற்கு அது சான்று. செலவு 5,000 ரூபாய்க்கும் குறைவு. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் வரச்சொன்னார். வந்தபோது குழாயில் மெல்லிய பசையன்றி வேறில்லை. டிப் ஸ்டிக்கின் அளவும் மாறவில்லை. மகளின் கட்டணம் உரிய நாளிற் செலுத்தப்பட்டதென அவர் சொன்னார்.

எல்லா வண்டிக்கும் நற்செய்தியே வாய்க்கும் எனக் கருதற்க. அதே கிழமையில் மற்றொருவர் ஒரு பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். அதிலும் காற்றுக்குழாயில் எண்ணெய், புகையும் நீலம். அளவு மிகுதியில்லை, அடைப்பும் இல்லை. மூடியைத் தளர வைத்தவுடன் அது துள்ளிக் கீழே விழுந்தது. ஒரு சிலிண்டரில் அழுத்தமானி குறைவாகக் காட்டிற்று. அச்சிலிண்டரிற் சிறிது எண்ணெய் விட்டு மறுமுறை அளந்தபோது முள் உயர்ந்தது. ரிங்கின் இடுக்கை எண்ணெய் தற்காலிகமாக அடைத்தமையின் அழுத்தம் கூடிற்று; ஆகவே தேய்ந்தவை ரிங்குகளே என்பது தெளிவாயிற்று. உடையவர் இதனைக் கேட்டு வருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை விற்கப்போவதாகவும், குழாயையும் காற்றுக் கதவையும் பளபளவெனத் துடைத்துத் தந்தாற் போதும் என்றும், கேட்ட கூலி தருவதாகவும் கூறினார்.

மாமன் சற்று நேரம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னர், "துடைத்துத் தருகிறேன், சார். ஆனால் வாங்குகிறவர் வந்து கேட்டால், ரிங் போயிருக்கிறது என்று சொல்லுவேன்" என்றார். வந்தவர் சினந்து வண்டியை எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார். கிறிஸ்துமஸிற்கு முந்திய கிழமை அது. வீட்டிற் செலவுகள் பல. அத்தை அதுபற்றிக் கேட்டபோது, மாமன், "அந்த எண்ணெய் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, அதன் வாயைப் பொத்தக் கூலி வாங்கலாமா?" என்று மட்டும் சொன்னார். அவர் பெரும் படிப்புப் படித்தவரல்லர். ஆயினும், எங்கள் வகுப்பில் அறத்தைப் பற்றி யான் கேட்ட விரிவுரைகளெல்லாம் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன போலத் தோன்றிற்று.

காற்று வழியில் எண்ணெய் உள்ளிருந்து வருதலைக் கூறினேன். புறத்திருந்து வந்த காலமும் எங்கள் ஊருக்கு உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதற் கிழமையில் மிச்சாங் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தபோது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவிற்று. வெள்ளம் வடிந்தபின் வீடுகளின் சுவர்களில் நீர் நின்ற உயரத்தை ஒரு கரிய கோடு காட்டிற்று. கழிமுகத்து அலையாத்தி மரங்களின் அடியிலும் அக்கோடு இருந்தது. தெருவில் நின்ற வண்டிகள் பலவற்றின் காற்று வழியில் நீரும் எண்ணெயும் கலந்து புகுந்திருந்தன. மாமன் அந்நாட்களிற் சந்துசந்தாகச் சென்று, எவரும் சாவியைத் திருப்பவேண்டாமென வேண்டிக்கொண்டார். நீர் காற்றைப் போல அமுங்காது. சிலிண்டரில் நீர் இருக்கும்போது எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய்களையும் வடிகட்டிகளையும் மாற்றிய பின்னரே சாவியைத் தொடலாம். கேட்டவர்களின் வண்டிகள் பிழைத்தன.

வண்டிகளைக் கழுவிவிடலாம், கழிமுகத்தை எங்ஙனம் கழுவுவது? மீனவர்கள் படகிற் சென்று, வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் நிரப்பினர். வலையும் படகும் கறுத்தன; மீன்பிடி தொழில் நின்றது. இஃது எங்களுக்குப் புதிதும் அன்று. 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் திரண்டபோதும், மாணவரும் தொண்டரும் வரிசையாக நின்று வாளி வாளியாய் அள்ளினர். அந்த உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அள்ளுதல், காற்றுக்குழாயைத் துடைத்தல் போல்வதேயாம். எங்கே மிஞ்சிற்று, எங்கே அடைபட்டது, எங்கே தேய்ந்தது என ஆராய்ந்து முதலை நாடாதவரை, துடைத்த இடத்தில் எண்ணெய் மீண்டும் வந்து நிற்கும். ஆறாண்டுகளுக்கும் ஏழாண்டுகளுக்கும் இடையே அது மீண்டும் வந்ததை எங்கள் கரை கண்டிருக்கின்றது.

இங்கே, முன்னர்க் கூறிய மூச்சுத்துளையின் கதையை நினைவுகூர்தல் நலம். சாலைக்கு விட்ட புகையை எஞ்சினே விழுங்குமாறு செய்தது, கார்களுக்குத் தாமே தோன்றிய நல்லறிவன்று. கண் கரித்த நகரத்தார் கேட்டனர், அறிஞர் காரணம் காட்டினர், அரசு விதித்தது. அவ்விதி வந்தமையால் எஞ்சின் செய்தல் நின்றுபோகவில்லை, முன்னினும் திருந்திற்று. தன் கழிவைத் தானே எரிக்கும் கடமையை ஒரு சிறிய காருக்கு விதித்த உலகம், பெருந்தொழில்களுக்கும் அதனை விதித்தல் பொருந்தாதோ? கழிமுகத்து நண்டும் இறாலும் மனு எழுதித் தரமாட்டா. கல்வி பெற்ற நாமே அவற்றின்பொருட்டும், அவற்றை நம்பி வாழ்வார்பொருட்டும் கேட்டல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நம்முள்ளும் காற்று வழியும் எண்ணெய் வழியும் உள. ஊக்கம் நல்லதே, ஊற்றிக்கொண்டே இருந்தால் அது நுரைத்துப் பொங்கி நம் கட்டளைக்கு அடங்காது ஓடும். சினமும் துயரும் வெளியேறச் சிறியதொரு துளையேனும் வேண்டும். அதனை அடைத்தால் பொருத்துவாய்கள் பிதுங்கும். நாள்தோறும் நாம் உள்ளிழுக்கும் கருத்துக்களின் வடிகட்டி தூசி படிந்துளதா என்பதை அவ்வப்போது திறந்து பார்த்தல் தகும். குற்றம் ஒன்று நம்மிடத்தோ, நம் வீட்டிலோ, நம் ஊரிலோ கறையாகத் தோன்றுமாயின், உடனே துணியைத் தேடுவது மனித இயல்பு. அதனைத் துடைக்குமுன் ஒருகணம் நின்று, அது சொல்லவந்த சாட்சியத்தைக் கேட்போமாக. கேட்ட பின், அதன் முதலை நாடித் திருத்துவோமாக. அப்பொழுது எண்ணெய் தன் இடத்தில் நிற்கும். எஞ்சின் தன் மூச்சை இனிது விடும். எண்ணூர்க் கழிமுகத்தின் நீரும் ஒருநாள் வானத்தின் நிறத்தையே காட்டும்.